மூன்று பிரதிகள்

அவருடைய படத்தை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு றெஸ்ரோறன்ற் குசினியில், உரித்துப்போட்ட வெங்காயத் தோலுக்கு நடுவில் நின்றுகொண்டு. 2020 ஒக்ரோபர் மாதம். ஊரிலிருந்து ஒரு நண்பன் வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். படத்துக்குக் கீழே ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் நிற்கிற மனிதர் யார் என்பது இரண்டு கிழமைக்கு முன்பே அவள் வாயாலேயே எனக்குத் தெரியவந்திருந்தது.

வெள்ளை நீளக்கைச் சேட்டு. மணிக்கட்டுப் பொத்தானும் பூட்டியிருந்தது. பொக்கற்றில் இரண்டு பேனை, ஒன்று நீலம், மற்றது சிவப்பு. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, முன்பக்கம் கொஞ்சம் ஏறிவிட்டது. எங்களைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். ஒரு கையில் ஹெல்மெற். நிச்சயார்த்தப் படத்துக்கு ஹெல்மெற்றோடு நிற்கிற மாப்பிள்ளையை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. கீழே வைத்தால் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்திருக்க வேண்டும்.

பிரதேச செயலகமொன்றில் முகாமைத்துவ உதவியாளர். பழைய ஆட்களின் பேச்சில் சொன்னால், கந்தோர்க் கிளாக்கர். எனக்கு அது போதுமாயிருந்தது. இந்த மனிதர் தன் காதலையும் மூன்று பிரதியில் எழுதி, ஒன்றை அவளுக்குக் கொடுத்து, ஒன்றை மேலதிகாரிக்கு அனுப்பி, ஒன்றைக் கோவையில் போட்டிருப்பார் என்று நினைத்தேன். நினைத்ததோடு நில்லாமல் ஊர் நண்பர்களுக்கும் எழுதினேன். அவர்களும் சிரித்தார்கள். தோற்றவனுடைய பகிடிக்கு நண்பர்கள் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்துத் தருவார்கள்.

எங்கள் குசினியில் கோப்பை கழுவுகிற எரித்திரியாப் பொடியன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, யார் இவர் என்று கேட்டான். நான் காதலித்த பெண்ணைக் கட்டப்போகிறவர் என்றேன். அவன் படத்தை வடிவாகப் பார்த்துவிட்டு, "வாடகையை நேரத்துக்குக் கட்டுகிற ஆள் மாதிரி இருக்கிறார்" என்றான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அவன் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை என்பது எனக்கு விளங்க மூன்று வருடத்துக்கு மேல் எடுத்தது.

* * *

எங்கள் எழுத்துகளில் அதிகம் பகிடி பண்ணப்பட்டவர் யார் என்று கேட்டால், வெளிநாட்டு மாப்பிள்ளை என்றுதான் சொல்ல வேண்டும். கழுத்தில் சங்கிலி, கையில் வீடியோக் கமரா, தலையில் நரை மறைத்த மை. கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ வந்து இறங்குவார். ஊரில் உண்மையாகக் காதலித்தவன் மதகடியில் சைக்கிளோடு நிற்க, பெண்ணைக் கூட்டிக்கொண்டு பறந்துவிடுவார். இந்தக் கதையை நானும் எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன். என் விசயத்தில் கதை தலைகீழாகிவிட்டது. வெளிநாட்டில் இருந்தவன் நான். சைக்கிளுக்குப் பதிலாக ஸ்கூட்டரோடு ஊரில் நின்றவர் அவர். பெண் அவர் பக்கம் போனாள். மதகடியில் நிற்கிற சோகமாவது அந்தப் பழைய காதலனுக்குக் கிடைத்தது. எனக்கு அதற்கும் வழியில்லை. டுல்டுங் வைத்திருக்கிறவன் ஜேர்மனியை விட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது.

நாங்கள் இருவரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஒரே வருடத்து மாணவர்கள். நான் தமிழ் சிறப்புக் கலை. அவள் புவியியல். 2011இல் நூலகப் படிக்கட்டில் தொடங்கியது. விபரம் எழுதத் தேவையில்லை, எல்லாருடையதும் ஒரே மாதிரித்தான். 2012 நவம்பர் கடைசியில் மாணவர் ஊர்வலம் தாக்கப்பட்டு, நான்கு மாணவர்கள் கைதாகி, பல்கலைக்கழகமே வெறிச்சோடிப் போனது பலருக்கு நினைவிருக்கும். நான் பெரிய ஆள் ஒன்றுமில்லை. ஆனால் பெயர் கேட்டு இரண்டு தரம் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். அம்மாவுக்கு அது போதும். காணியை ஈடு வைத்து 2013இல் என்னை அனுப்பினா. மூன்றாம் வருடத்தோடு படிப்பு நின்றது. ஏஜென்சிக்காரன் காட்டிய வழியெல்லாம் சுற்றி, 2014 வசந்த காலத்தில் கீசன் முகாமில் வந்து பதிந்தேன். அங்கிருந்து பக்கத்தில் உள்ள வெற்ஸ்லாருக்கு அனுப்பினார்கள்.

"இரண்டு வருசம், கூடினால் மூண்டு" என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வருடத்தில் முதல் விசாரணைகூட முடியவில்லை. 2017இல் தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. வழக்குப் போட்டேன். அதுவும் 2019இல் தோற்றது. அதற்குப் பிறகு கையில் இருந்தது, குறுக்கே சிவப்புக் கோடு போட்ட அந்தக் கடதாசி. அதை விசா என்று வீட்டுக்குச் சொல்லுகிறவர்கள் எங்களில் எத்தனை பேர்! அது விசா அல்ல. இவரை நாடு கடத்துவது தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கான அத்தாட்சி. அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு ஒருக்கால், ஆறு மாதத்துக்கு ஒருக்கால் நீட்டுவார்கள். ஒவ்வொரு முறை நீட்டும்போதும் நான் அவளிடம், "விசா நீட்டியாச்சு" என்று சொன்னேன். "அப்ப அடுத்த வருசம்?" என்று அவள் கேட்பாள். "அடுத்த வருசம் பாப்பம்" என்பேன்.

அவளும் சும்மா இருக்கவில்லை. பட்டம் பெற்று வேலையில்லாமல் இருந்தாள். 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணத்தில் மாதக்கணக்காகத் தெருவில் இருந்து போராடியபோது அவளும் போயிருந்தாள். பிறகு அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனம் கிடைத்தது. அனுப்பிய இடம் ஒரு பிரதேச செயலகம். அங்கே, இரண்டு பேனையோடு, அவர் இருந்தார்.

இடைப்பட்ட வருடங்களில் ரெலிபோனில் அவள் சொன்னவற்றை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். "மாமா ஒரு சம்பந்தம் கொண்டந்தவர், நான் வேண்டாம் எண்டிட்டன்." "சாதகம் கேட்டு ஒரு பகுதி வந்தது." "அம்மாவுக்கு முந்தி மாதிரி ஏலாது." நான் இவற்றை ஊர்ப்புதினமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். அகப்பொருள் இலக்கணத்தை மூன்று வருடம் படித்தவன் நான். பொருள் தேடப் பிரிந்த தலைவன் கார்காலம் தொடங்கமுன் வருவதாகச் சொல்லிப் போவான். காலம் தாழ்த்துகிற தலைவனிடம் தோழி வந்து, பெண் கேட்டு அயலார் வரப்போகிறார்கள் என்று சொல்லுவாள். அந்த அயலாருக்கு நொதுமலர் என்று பெயர். கெதியாக வந்து மணம் முடி என்பதை நேரே சொல்லாமல் இப்படிச் சொல்லுவதற்கு வரைவு கடாதல் என்று பெயர். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு எனக்கு நல்ல புள்ளி கிடைத்தது. ரெலிபோனில் அதே கேள்வி ஏழு வருடம் வந்தபோது எனக்கு விளங்கவில்லை. அவளுக்குத் தோழியும் இருக்கவில்லை. தன்னுடைய வரைவு கடாதலைத் தானே செய்தாள்.

கடைசிக் கதை பத்து நிமிடம்கூட இல்லை. "நீங்கள் பொய் சொல்லேல்லை எண்டு எனக்குத் தெரியும். ஆனா உண்மையும் சொல்லேல்லை" என்றாள். "இவரிட்டை எல்லாம் சொல்லிப்போட்டன். உங்களைப் பற்றியும். யோசிச்சுச் சொல்லுங்கோ, நான் அவசரப்படுத்தேல்லை எண்டவர்." அவசரப்படுத்தாத மாப்பிள்ளை! விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்று மேசையில் போர்டு வைத்திருப்பார் போலும் என்று எனக்குள் சிரித்தேன். அவள் அழுதாள். நான் அழவில்லை. பகிடி விடுகிறவனுக்கு அழுவதற்கு நேரம் வராது.

* * *

அந்த நவம்பர் 2ஆம் நாளிலிருந்து, கொரோனா காரணமாக ஜேர்மனியில் உணவகங்களெல்லாம் பூட்டப்பட்டன. சில மாதம் எனக்கு வேலையில்லை. அறைக்குள் இருக்க முடியவில்லை. வெற்ஸ்லாரின் பழைய நகரத்தைக் காலால் அளந்தேன். லான் ஆற்றுக் கற்பாலம், முடிக்கப்படாமலே நிற்கிற பெரிய தேவாலயம், சரிவான கல்லு ஒழுங்கைகள். ஆறு வருடமாக அந்த ஒழுங்கைகளால் வேலைக்கு ஓடியிருக்கிறேன், சுவரில் உள்ள எழுத்தொன்றையும் வாசித்ததில்லை. அப்போதுதான் வாசித்தேன். எங்கள் குசினியிலிருந்து சில நிமிட நடையில் இருக்கிற ஒரு வீட்டில்தான், உலகத்திலேயே பேர்போன தோற்ற காதலின் கதை நடந்திருக்கிறது.

1772 மே மாதத்தில் கேத்தே இந்த ஊருக்கு வந்தார். வயது 22. சட்டம் முடித்திருந்தார். பேரரசின் உச்ச நீதிமன்றம் அப்போது இங்கேதான் இருந்தது. தகப்பன் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார். அந்த நீதிமன்றத்தில் இருபதினாயிரம் வழக்குகள் குவிந்து கிடந்ததாகவும் வருடத்துக்கு அறுபதுதான் முடிந்ததாகவும் கேத்தே பிற்காலத்தில் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். இதை வாசித்தபோது எனக்கு ஒரு வகை ஆறுதல் வந்தது. என் வழக்கு இரண்டு வருடத்தில் முடிந்தது.

ஜூன் மாதம் பக்கத்துக் கிராமமொன்றில் நடந்த நடன விருந்தில் அவர் லொட்டேயைச் சந்தித்தார். ஷார்லொட்டே பூவ். வயது 19. தாய் முதல் வருடம் இறந்துபோக, தம்பி தங்கைகள் ஒரு கூட்டத்தை வளர்த்துக்கொண்டிருந்தவள். கேத்தே விழுந்துவிட்டார். ஆனால் அவளுக்கு 1768 முதலே பேச்சாகியிருந்தது. அவர் பெயர் யோஹான் கிறிஸ்ரியான் கெஸ்ற்னர். வயது 30. ஹனோவர் அரசின் தூதுக்குழுவில் செயலாளர். வேலை என்னவென்றால், அந்த நீதிமன்றத்தைப் பரிசோதிக்க வந்த குழுவின் கோவைகளைப் பார்ப்பது, அறிக்கை எழுதுவது, பிரதி எடுப்பது.

அந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்னும் ஒரு கிளாக்கர்!

கெஸ்ற்னர் பகல் முழுக்கக் கந்தோரில் இருப்பார். கேத்தேக்கு வேலை குறைவு. லொட்டேயின் வீட்டில் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டு, அவள் போகிற இடமெல்லாம் கூடப்போய்க்கொண்டு இருந்தார். ஓகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் அவளை முத்தமிட்டார். அவள் அதைக் கெஸ்ற்னரிடமே சொல்லிவிட்டாள். சில நாளில், நட்புக்கு மேலே எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று கேத்தேயிடமும் தெளிவாகச் சொன்னாள். செப்ரெம்பர் 11ஆம் நாள் காலையில் கேத்தே யாரிடமும் நேரில் சொல்லாமல் ஊரை விட்டுப் போனார். பிராங்பேர்ட்டில் தன் அறைச் சுவரில் அவளுடைய நிழலுருவப் படத்தைக் குத்தி வைத்துக்கொண்டார். எங்கள் காலத்து ஆட்கள் வட்ஸ்அப் படத்தைப் பெருப்பித்துப் பார்க்கிற மாதிரித்தான்.

ஒக்ரோபர் கடைசியில், அதே வெற்ஸ்லாரில், கார்ல் வில்ஹெல்ம் யெரூசலேம் என்ற இன்னொரு இளம் செயலாளர் தன்னைச் சுட்டு இறந்தார். மணமான ஒரு பெண்ணை அவர் விரும்பியிருந்தார். துப்பாக்கிகளைப் பயணத்துக்கு என்று சொல்லி இரவல் வாங்கியது கெஸ்ற்னரிடம். நடந்ததை விபரமாக எழுதிக் கேத்தேக்கு அனுப்பியவரும் கெஸ்ற்னர்தான். தன் கதையையும் யெரூசலேமின் முடிவையும் சேர்த்துக் கேத்தே 1774இல் வெளியிட்டது வேர்தர் நாவல். ஐரோப்பா முழுக்க வாசித்தது. இளைஞர்கள் வேர்தரைப்போல நீலக் கோட்டும் மஞ்சள் உள்சட்டையும் போட்டுத் திரிந்தார்கள். லைப்சிக் நகரத்தில் 1775இல் புத்தகத்தையும் தடைசெய்தார்கள், அந்த உடுப்பையும் தடைசெய்தார்கள்.

பழைய புத்தகக் கடையின் வாசல் பெட்டியிலிருந்து அந்த நாவலின் சின்ன மஞ்சள் றெக்லாம் பதிப்பை ஒரு யூரோவுக்கு வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு அந்தப் பனிக்காலம் முழுக்க வாசித்தேன். அதிலே மாப்பிள்ளைக்குப் பெயர் அல்பேர்ட். நல்ல மனிதர்தான், ஆனால் வேர்தரின் கண்ணுக்கு உணர்ச்சியில்லாதவர், ஒழுங்கு ஒழுங்கு என்று சாகிறவர். ஒவ்வொரு பக்கத்திலும் நான் வேர்தரோடு நின்றேன். அல்பேர்ட் வருகிற இடமெல்லாம் அவர் கையில் ஒரு ஹெல்மெற்றைக் கொடுத்து வாசித்தேன். அப்படி வாசிக்க நல்லாயிருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை.

* * *

2021 கோடையில் உணவகங்கள் திரும்பத் திறந்த பிறகு, மத்தியானச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் இடைப்பட்ட நேரத்தில் லொட்டேயின் வீட்டுக்குப் போனேன். இப்போது அது அருங்காட்சியகம். அதற்குப் பிறகு கேத்தேயைப் பற்றிக் கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். அப்போதுதான் இரண்டு விசயம் என்னைப் பிடித்து நிறுத்தின.

முதலாவது, நாவலில் வருகிற லொட்டேக்குக் கறுப்புக் கண். வெற்ஸ்லார் லொட்டேக்கு நீலக் கண். கறுப்புக் கண் மக்ஸிமிலியானே என்ற இன்னொரு பெண்ணினுடையது. வெற்ஸ்லாரை விட்டுப் போன கையோடு கேத்தே அவளிடமும் மனம் வைத்தார். அவளை 1774 ஜனவரியில் பீற்றர் அன்ரன் பிறெந்தானோ என்ற பிராங்பேர்ட் வியாபாரிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மனைவி இறந்தவர், பிள்ளைகள் உள்ளவர், அவளைவிட இருபது வயது கூட. இத்தாலியிலிருந்து வந்த குடும்பம். எண்ணெய், பாற்கட்டி, வாசனைச் சரக்கு விற்கிறவர். எண்ணெய் மணத்திலிருந்தும் பாற்கட்டி மணத்திலிருந்தும் புருசனுடைய பழக்கவழக்கங்களிலிருந்தும் அந்தச் சின்னப் பெண்ணைத் தேற்றுகிற வேலை கேத்தேக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று அவருடைய நண்பர் மெர்க் பகிடியாக ஒரு கடிதம் எழுதினார். கொஞ்ச நாளில் பிறெந்தானோ கேத்தேயைத் தன் வீட்டுக்கு வரவிடாமல் செய்தார்.

இதைப் பஸ்ஸுக்கு நின்றபடி வாசித்துக்கொண்டிருந்தேன். இரவு வேலை முடிந்து பதினொன்றரை மணி. எங்கள் முதலாளி இத்தாலியர். நான் காலை முதல் இரவு வரை நிற்பது எண்ணெய்க்கும் பாற்கட்டிக்கும் நடுவில். எத்தனை தரம் குளித்தாலும் அந்த மணம் போகாது. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் மெல்ல வேறு ஆசனத்துக்கு மாறுவதை நான் பழகிவிட்டேன். அந்தக் கடிதத்தை எழுதிச் சிரித்தவர்களுடைய மேசையில் எனக்கு இடம் கிடைத்திருக்காது. நான் குசினியில் நின்றிருப்பேன். இவ்வளவு நாளும் கேத்தேயின் பக்கத்தில் நின்று கிளாக்கரைப் பகிடி பண்ணிக்கொண்டிருந்தவன், உண்மையில் யாருடைய ஆள்? கவிஞனுக்குத் தகப்பன் காசு அனுப்பினார். எனக்கு அனுப்ப யாரும் இல்லை, நான்தான் அனுப்ப வேண்டும். வேலைக்குப் போய், மணத்தோடு திரும்பி வருகிற ஆட்களுக்கு இந்தக் கதைகளில் கிடைக்கிற பாத்திரம் மற்றப் பாத்திரம்தான்.

இரண்டாவது, கெஸ்ற்னர். நான் நினைத்ததுபோல அவர் மரக்கட்டையாக இருக்கவில்லை. தன் பெண்ணையே சுற்றித் திரிந்த கேத்தேயைப் பற்றி அவர் குறித்து வைத்தவற்றில் மதிப்பும் இருக்கிறது, மனவேதனையும் இருக்கிறது, ஒரு சின்னத்தனமான சொல்லைக் காணவில்லை. 1773 ஏப்ரலில் திருமணம் நடந்தபோது மோதிரங்களைப் பிராங்பேர்ட்டில் செய்வித்து அனுப்பியவர் கேத்தே. அடுத்த வருடம் நாவல் வந்தது. தன் மனைவியின் பெயரையே வைத்து, தன்னைச் சப்பென்ற ஆளாக்கி, தான் எழுதிய கடிதத்திலிருந்தே விபரம் எடுத்து எழுதப்பட்ட புத்தகத்தைக் கெஸ்ற்னர் வாசித்தார். அல்பேர்ட்டை இப்படிக் கேவலமாக்கியது ஏன் என்று வேதனைப்பட்டுக் கேத்தேக்கு எழுதினார். ஆனால் நட்பை முறிக்கவில்லை.

கேத்தே அதை மறக்கவில்லை. 1783இல் கெஸ்ற்னருக்கு எழுதினார்: நாவலைத் திருத்தப்போகிறேன், அல்பேர்ட்டைப் பிழையாக விளங்கிக்கொள்வது அந்த இளைஞன்தான், வாசகன் அல்ல என்று வரும்படி செய்யப்போகிறேன் என்று. இது அவர் எழுதியதன் கருத்து. 1787இல் திருத்திய பதிப்பு வந்தது. நான் ஒரு யூரோவுக்கு வாங்கி வாசித்ததும் அந்தத் திருத்திய பதிப்புத்தானாம். அப்படியிருந்தும் அல்பேர்ட்டின் கையில் ஹெல்மெற்றைக் கொடுத்தவன் நான்.

* * *

2022 டிசம்பர் 31ஆம் நாள் ஜேர்மனியில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்ததை இதை வாசிக்கிற பலர் அறிவார்கள். அந்த வருடம் ஒக்ரோபர் 31 அன்று ஐந்து வருடம் தொடர்ச்சியாக இங்கே இருந்து, டுல்டுங்கோடு இருந்தவர்களுக்குப் பதினெட்டு மாத வதிவிட அனுமதி. அதற்குள் மொழி, உழைப்பு, ஆளடையாளம் மூன்றையும் காட்டினால் நிரந்தரமான வழிக்கு மாறலாம். 2023 ஒக்ரோபரில் அது எனக்குக் கிடைத்தது. மொழி இருந்தது, வேர்தர் தந்த மொழி. உழைப்பு இருந்தது. ஆளடையாளத்துக்குக் கடவுச்சீட்டு வேண்டும். அதற்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும். என் பிறப்புப் பதிவில் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. நான் கீசனில் பதிந்த பெயரும் அதுவும் பொருந்தாது. திருத்தி எடுக்காவிட்டால் பதினெட்டு மாதமும் வீண், திரும்பவும் சிவப்புக் கோடு.

அம்மாவுக்குச் சொன்னேன். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. ஓட்டோ பிடித்துக் கந்தோருக்குப் போனா. பின்னேரம் ரெலிபோன் எடுத்தா.

"கந்தோரிலை ஒரு தம்பி இருத்தி, தண்ணி தந்து, எல்லாம் கேட்டு எழுதினவர். இனி நீங்கள் அலைய வேண்டாம் அம்மா, நான் பாக்கிறன் எண்டவர்."

"ஆரம்மா அவர்?"

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பிள்ளையின்ரை மனுசன்தான்" என்றா.

வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. வேறு ஆளைப் பிடிக்கலாம், காசு கொடுத்து எடுப்பிக்கலாம். ஆனால் அம்மாவின் முழங்காலும் பதினெட்டு மாதமும் என் மானத்தைவிடப் பெரிதாக இருந்தன. பேசாமல் இருந்தேன்.

அவர் நான்கு தரம் போய்வந்ததாகப் பிறகு அறிந்தேன். பதிவாளரிடம் விண்ணப்பம், அப்பாவின் பழைய பத்திரங்கள், அம்மாவின் சத்தியக் கடதாசி, திருத்திய பிரதி. பிறகு அதைத் தன் லீவு நாளில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் வெளிநாட்டமைச்சின் கிளையில் அத்தாட்சிப்படுத்தினார். யாரும் கேட்காத வேலை. 2024 மாசி மாதத்தில் ஒரு நாள் அவரே அழைத்தார். வட்ஸ்அப்பில் அந்த வெள்ளைச் சேட்டுப் படம் மின்னியது. எடுத்தேன்.

"தம்பி, நான் கதைக்கிறது ஆர் எண்டு தெரியும்தானே?"

"ஓம் அண்ணை."

"பத்திரம் சரி. கூரியரிலை போடுறன். விலாசத்தை ஒருக்கால் எழுத்தெழுத்தாச் சொல்லும், உங்கத்தைப் பேர் எனக்குப் பிடிபடாது." சொன்னேன். இரண்டு தரம் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தார். "இன்னொண்டு, தம்பி. மூண்டு பிரதி எடுத்து வைச்சிருக்கிறன். ஒண்டைக் குடுக்கிற இடத்திலை குடும். ஒண்டை நீர் கோவை போட்டு வைச்சிரும். மற்றது அம்மாட்டை. ஒரிஜினலை ஒருத்தருக்கும் விட்டிட்டு வரக்கூடாது."

மூன்று பிரதி! இரண்டாயிரத்து இருபதில் நான் செய்த பகிடி, இருபத்து நான்கில் எனக்கே கூரியரில் வருகிறது. சிரிப்பு வந்தது, ஆனால் தொண்டையில் நின்றுவிட்டது.

"காசு எவ்வளவு முடிஞ்சது அண்ணை?"

"அதைப் பேந்து பாப்பம்" என்றார். பிறகு, "அங்கை ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு தருவினம்?" என்று கேட்டார். சொன்னேன். மனதுக்குள் ரூபாவில் பெருக்கிப் பார்ப்பது மௌனத்திலேயே கேட்டது. "நல்லது. சேமலாபத்துக்கு வெட்டுறவையோ?" என்றார். வெட்டுவார்கள் என்றேன். "அந்தத் துண்டுகளையும் கவனமா வையும்."

அப்போது பின்னால் ஒரு குரல் கேட்டது. "கதைச்சு முடிஞ்சுதே? சாப்பாடு ஆறுது."

மூன்று வருடத்துக்கு மேல் கழித்து அந்தக் குரல். என்னோடு பேசியபோது கடைசி வருடங்களில் அதிலே எப்போதும் ஒரு கேள்வி தொக்கி நிற்கும். இப்போது அந்தக் கேள்வி இல்லை. சாப்பாடு ஆறுகிறது, அவ்வளவுதான். ஏழு வருடம் என்னால் கொடுக்க முடியாமல் போனது அந்தச் சாதாரணம். அதை அந்த மனிதர் இரண்டு பேனையோடும் ஒரு ஹெல்மெற்றோடும் கொடுத்திருந்தார்.

"அப்ப வைக்கிறன் தம்பி" என்றார். அவருக்கு எல்லாம் தெரியும். அவள் முதலே சொல்லியிருக்கிறாள். தெரிந்துகொண்டுதான் நான்கு தரம் போய்வந்தார். கேத்தே தன்னை வென்றவனுக்கு மோதிரம் செய்வித்து அனுப்பினார். இங்கே வென்றவர், தோற்றவனுக்கு அப்பாவின் பெயரைத் திருத்தி அனுப்பினார். எது பெரிய காரியம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மோதிரம் கடையில் கிடைக்கும்.

பத்திரம் வந்தது. பிளாஸ்ரிக் உறையில், மடிக்காமல், ஒவ்வொரு பிரதியிலும் முத்திரையும் கையொப்பமும் திகதியும். எது எதற்கு என்று சிவப்புப் பேனையால் சின்னத் துண்டில் எழுதி ஒட்டியிருந்தார். தூதரகத்தில் அதைக் கொடுத்துக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தேன். 2025 சித்திரையில் வதிவிட அட்டை கைக்கு வந்தது. பதினொரு வருடத்துக்குப் பிறகு, சிவப்புக் கோடு இல்லாத ஒன்று.

எல்லாவற்றையும் மறந்து மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மன்னிக்க அவர்கள் ஒன்றும் செய்யவுமில்லை. சில இரவுகளில் எனக்கு இன்னமும் நோகிறது. அந்த ஹெல்மெற்றை நினைத்தால் இன்னமும் சிரிப்பும் வருகிறது. அது பகிடிக்குரிய ஹெல்மெற்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் அவரைப் பிழையாக விளங்கிக்கொண்டது நான்தான் என்பதையாவது நான் எழுதி வைக்க வேண்டும். நண்பர்களுக்கு அன்று அனுப்பிய பகிடிகளைத் திருப்பி எடுக்க முடியாது. ஆகையால் திருத்திய பதிப்பை இங்கே எழுதுகிறேன்.

இப்போது அவர் தினமும் எனக்குக் காலை வணக்கம் அனுப்புகிறார். ஒரு றோசாப்பூ, அல்லது ஒரு சூரியன், அதற்குக் கீழே ஒரு பொன்மொழி. தன் தொலைபேசியில் உள்ள எல்லாருக்கும் ஒரேயடியாக அனுப்புகிறாராக்கும். அவருடைய காலை ஆறு மணி எனக்குக் கோடையில் இரவு இரண்டரை. வேலையால் வந்து, குளித்து, எண்ணெய் மணம் போகாமலே படுத்திருக்கும்போது அது வந்து விழும். முதல் சில மாதம் பார்த்துவிட்டுப் பேசாமல் விட்டேன். நேற்றிரவு வந்தது மஞ்சள் றோசாப்பூ.

"வணக்கம் அண்ணை" என்று எழுதி அனுப்பிவிட்டுப் படுத்தேன். காலையில் எழும்பிப் பார்த்தபோது பதில் வந்திருந்தது: "கடவுச்சீட்டு முடிகிற திகதியைக் குறித்து வையும் தம்பி."

குறித்து வைத்துவிட்டு, வெங்காயம் உரிக்கப் போனேன்.